பாய் வள்ளத்துக்கு மாற்று இன்ஜின்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணன் தம்பிமாருக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் அந்தக் குரல் பதிவை நாங்களும் கேட்டோம். "பதினைந்து ஹெச்.பி. (குதிரைத்திறன்) இன்ஜின் கேட்டுப் போனேன், சின்னதைத் தலையில் கட்டப் பார்த்தார்கள்" என்கிறார் ஒரு அண்ணன். கடை பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் பாம்பனில் யாருக்குப் புரியாது?

பெரிய இன்ஜின் விற்றால் லாபம் எங்களுக்குத்தானே? பிறகு ஏன் சின்னதைச் சொல்கிறோம்? பாய்க்கென்று கட்டிய மர வள்ளம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது. ஃபைபர் படகு மாதிரி மேலெழும்பி ஓடாது. நீர்மட்டத்தில் 25 அடி நீளம் என்றால் அதன் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டரைச் சுற்றித்தான் நிற்கும். அதற்குமேல் முறுக்கினால் அமரம் (பின்பக்கம்) அமுங்கும், அணியம் (முன்பக்கம்) தூக்கும், எண்ணெய் காலியாகும், வேகம் மட்டும் வராது. அதனால்தான் 9.9 ஹெச்.பி.யில், மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) உள்ளதைச் சொல்கிறோம். எதிர்க்காற்றில் வலையோடு திரும்பும்போது இழுவைதானே வேண்டும்?

ஹெச்.பி.யை விட ஷாஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் தண்டின் நீளம்தான் முக்கியம், அதை யாரும் கேட்பதே இல்லை. 15 அங்குல ஷாஃப்டை உயரமான அமரத்தில் மாட்டினால், அலையில் வள்ளம் குனியும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றில் சுற்றி அலறும். பக்கத்துத் துளையில் பீச்சுகிற தண்ணீர் விட்டு விட்டு வரும். அப்புறம் உள்ளே தண்ணீர் இறைத்து இன்ஜினைக் குளிரவைக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும், இன்ஜின் சூடேறும், பழி எங்கள் மேல் விழும். பழைய வள்ளங்கள் பலவற்றுக்கு 20 அங்குலம் வேண்டும், சிலவற்றுக்கு 25. வருமுன் இன்ஜின் மாட்டும் பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடி வரை டேப் பிடித்து அளந்து வாருங்கள். பலகையை விரலால் தட்டியும் பாருங்கள். பொத்தென்று கேட்டால் முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் பழைய டூ ஸ்ட்ரோக்கை விடக் கனம், உளுத்த பலகை தாங்காது.

புயல் மழையென்று தொழில் முடங்கிய நாட்களிலும் எங்களை விட்டுப் போகாதவர்கள் நீங்கள். அப்பா காலத்து வாடிக்கையாளர்களின் பிள்ளைகள் இன்று அதே திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். இதைவிட எங்களுக்கு என்ன வேண்டும்? மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் இன்ஜின் கடை, பாம்பன்

பி.கு.: நம் மிஸ்திரி மாலத்தீவு போய்விட்டார். புது ஆள் பழகும்வரை மாட்டும் வேலை சனிக்கிழமை மட்டும். கூலியும் கொஞ்சம் கூடியிருக்கிறது, கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.