கொல்லிமலை முகாம்: பிள்ளைகளின் தின்பண்டப் பை குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொல்லிமலை முகாமுக்குப் போகிறார்கள். புறப்படும் நேரம், உடை, போர்வை பற்றியெல்லாம் வகுப்பாசிரியர் ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டார். இந்தக் கடிதம் தின்பண்டத்தைப் பற்றியது மட்டும். அதற்கென்று தனியாக ஒரு கடிதம் எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது பிள்ளைகள் ஓட்டமும் சிரிப்புமாகப் போவார்கள். திரும்பி ஏறும்போதுதான் கால் பேசும். சென்ற ஆண்டு நானும் உடன் போயிருந்தேன். பாதி ஏற்றத்தில் ஒரு மாணவி முகம் வெளுத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. கொண்டுவந்த சிப்ஸைத் தின்று, அந்த உப்புக்குத் தாகமெடுத்து, பாட்டில் தண்ணீரையும் காலி செய்திருந்தாள். பின்னால் வந்த தோழி தன் பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். அவளுடைய பாட்டி கொடுத்தனுப்பியது. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, நாலைந்து கற்கண்டுத் துண்டுகள். இருவரும் ஒரே பையில் மாறி மாறிக் கையை விட்டுத் தின்றார்கள். என்னிடமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அந்தப் பிள்ளை எழுந்து எனக்கு முன்னால் ஏறினாள்.

இந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளிடமும் அப்படி ஒரு பை இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மலையேறுபவர்கள் இதை டிரெயில் மிக்ஸ் என்கிறார்கள். கடைகளில் அந்தப் பெயரில் விலை கூடுதலாக விற்கிறார்கள். நம் வீட்டு அடுக்களையில் இருப்பதே போதும். திராட்சையின் இனிப்பு உடனே தெம்பு தரும். கடலையில் இருக்கும் கொழுப்பும் புரதமும் அந்தத் தெம்பை நெடுநேரம் தாங்கும். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு இரண்டு நாளைக்கு 300 கிராம் தாராளம். வேர்க்கடலை 150 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், உலர் திராட்சை 50 கிராம், மீதிக்குக் கொப்பரைத் தேங்காயைச் சிறு கீற்றுகளாக நறுக்கிப் போடுங்கள். பூசணி விதையோ வெள்ளரி விதையோ இருந்தால் நல்லது. வேர்க்கடலையை முறத்தில் கொட்டி, சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை பிடித்தவை அத்தனையையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த கடலையின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. கனமான வாணலியில் சிறு தீயில், தோல் வெடித்து உரியும் வரை வறுங்கள். பிறகு தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடி வைத்தால் ஆவி படிந்து மறுநாளே நமத்துப் போகும். பொரி சேர்ப்பதானால் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். திராட்சையின் ஈரம் பட்டால் பொரி துவண்டுவிடும். வெல்லமும் சாக்லேட்டும் வேண்டாம். ஒன்று மலை ஈரத்தில் கசியும், மற்றொன்று பஸ் சூட்டில் உருகும். இனிப்பு வேண்டுமென்றால் பனங்கற்கண்டு.

இதைச் செய்யும்போது பிள்ளையை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். பொறுக்குவதும் அளப்பதும் கலப்பதும் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும், மகனானாலும் மகளானாலும். தானே கலந்ததைப் பிள்ளை வீணாக்குவதில்லை. பல ஆண்டுகளாக நான் பார்த்து வருவது இது.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். முந்திரி, பாதாம், பிஸ்தா வேண்டவே வேண்டாம். வாங்க முடிகிற வீடும் உண்டு, முடியாத வீடும் உண்டு. படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளையும் தன் பையை மறைக்கக் கூடாது. கடலை வாங்குவதே சிரமம் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளியில் கூடுதலாக வறுத்து வைக்கிறோம். யாருக்கும் தெரியாது.

இனி, மிக முக்கியமானது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைத் தின்றபின் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல் என்று எப்போதாவது ஏற்பட்டிருந்தால், லேசாக வந்து போயிருந்தாலும், மறைக்காமல் எழுதித் தாருங்கள். மலைமேல் பெரிய மருத்துவமனைக்கு உடனே போய்விட முடியாது; கீழே இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றாலும் இந்த முறை யாரும் வேர்க்கடலை கொண்டுவர மாட்டோம். பிள்ளைகள் பகிர்ந்து தின்பவர்கள். பகிராதே என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படியானால் என்ன சேர்ப்பது என்று வெள்ளிக்கிழமை காலைக்குள் தெரிவித்துவிடுவேன்.

துணிச் சுருக்குப் பை அல்லது சிறிய எவர்சில்வர் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அருவிப் பாதையில் குரங்குகளும் உண்டு. சரசரக்கும் உறையின் சத்தம் கேட்டால் தேடி வந்துவிடும். பஸ் வளைவுகளில் ஏறும்போது யாரும் எதுவும் தின்ன வேண்டாம், குமட்டும். சனிக்கிழமை காலை இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

கீழே உள்ள ஒவ்வாமைச் சீட்டை நிரப்பி, கையொப்பமிட்டு, வியாழக்கிழமை மாலைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். ஒவ்வாமை இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதியே தாருங்கள். வெற்றுச் சீட்டை நான் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்