முருகா, அது வெறும் ஒப்பாரி இல்லை

அன்புள்ள முருகா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவர் அதே பேச்சு, அதே சால்வை.

‘ப்ளூஸ்னா கறுப்பர்களோட ஒப்பாரி, அவ்வளவுதானே’ என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் பேனாவை எடுக்க வைத்தது. ஒப்பாரியையே நீ ஒழுங்காகக் கேட்டதில்லை. செத்தவரைப் பாடுகிற சாக்கில் உயிரோடு இருக்கிற மாமியாரையும் பங்காளியையும் ஒரு பிடி பிடிப்பார்கள். அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸும் அப்படிச் சாக்கு வைத்துப் பேசுகிற பாட்டுத்தான்.

1927 மிசிசிப்பி வெள்ளத்தை எடுத்துக்கொள். ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஆற்றின் கரை உடைந்தது. பக்கத்து ஊரான கிரீன்வில்லில் ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் ஆற்றங்கரை மேட்டில் ஏறி நின்றார்கள். வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றி அனுப்பினார்கள், இவர்களை விடவில்லை. பண்ணை நிலத்தில் பங்கு வாரத்துக்குப் பருத்தி போட்டுக் கடனில் கிடக்கும் ஜனம், ஒரு தடவை போனால் திரும்பாது என்று பண்ணைக்காரர்களுக்குப் பயம். உடம்பில் அடையாள அட்டை மாட்டி, துப்பாக்கிக் காவலில் வேலை வாங்கினார்கள்.

அந்த வெள்ளத்தைத்தான் 1929 கடைசியில் மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ (எங்கும் வெள்ளம்) என்று பாரமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்தார். அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடந்தான் கொள்ளும். இந்தப் பாட்டு இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டது. மேட்டு நிலத்துக்குப் போகலாமென்றால் வழியை அடைத்துவிட்டார்கள் என்று ஒரு வரி வரும். அடைத்தவர் பெயர் வராது. கேட்கிற ஜனத்துக்குச் சொல்லவா வேண்டும்? பண்ணைக்காரர் காதில் விழுந்தாலும் வெறும் வெள்ளப்பாட்டு. ஒப்பாரியாம், ஒப்பாரி!

இதற்கு ப்ளூஸின் அந்த 12 பார் கட்டுமானமும் தோதாக இருக்கிறது. பார் என்றால் நாலு தட்டு கொண்ட ஒரு தாள வட்டம். நாலு பாருக்கு ஒரு வரி. அதில் பாதிதான் குரல், மீதி கிட்டார் பதில். முதல் வரியையே இரண்டாவதாகவும் பாடுவார்கள். அதற்குள் மூன்றாவது வரி மனசில் கட்டப்பட்டுவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நின்ற இடத்தில் ஊர் வழக்கைப் பாட்டாக்கலாம். பேட்டனிடம் பார் கணக்கு அங்கங்கே உதைக்கும். தனி ஆளாக வாசிப்பவரை யார் கேட்பது?

இனி உன் கிட்டார் புலம்பல். ஓப்பன் ஜி, அதாவது விரல் வைக்காமலே மீட்டினால் ஜி கார்டு ஒலிக்கிற சுருதி, வேண்டுமென்றால் ஆறாவது, ஐந்தாவது, முதல் கம்பிகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்கு. மற்ற மூன்றையும் தொடாதே. கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற கண்ணாடிக் குழாய் சுண்டுவிரலில். நீ அதை ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) பின்னால் வைக்கிறாய், அதனால்தான் சுருதி குறைகிறது. குழாய் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அழுத்தினால் டொக்கென்று இடிக்கும். மெல்லிய கம்பி, தாழ்ந்த பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்குகிற கட்டை) என்றால் சுலபமாக இடிக்கும். தடித்த கம்பிகளான 13 செட் போடு. குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டே வரட்டும், இரைச்சல் அடங்கும். மூன்றாவது கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டைத் தாண்டி, நான்கை எட்டாமல் நிறுத்து: சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே. ட்யூனர் தப்பு என்று காட்டும், விட்டுவிடு.

பாரமவுண்ட் தட்டுகளில் இரைச்சல் அதிகம், பேட்டன் உச்சரிப்பும் கரடுமுரடு. முதல் தடவை வார்த்தை பிடிபடாவிட்டால் அதே வரி திரும்ப வரும்போது காதைக் கொடு. கேட்டுவிட்டு எழுது. ஹார்மோனியத்துக்கு ஆன கதி இந்தக் கிட்டாருக்கும் ஆனால் செல்வி எனக்குத்தான் போன் போடுவாள்.

உன்,
பாஸ்கர்