கிரகணத்தன்று வெப்பமானி எங்கே இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சூரிய கிரகணத்தின்போது மாணவர்கள் வெப்பநிலை அளப்பது நல்ல விஷயம்தான். ஆனால் ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகள் போட்ட வரைபடம், மேகம் வந்து போகும்போதெல்லாம் தாறுமாறாக ஏறி இறங்கியது. வெப்பமானியை வெயிலில் வைத்திருந்தோம். அது காற்றின் வெப்பநிலையை அளக்கவே இல்லை; வெயிலில் தான் சூடானதைத்தான் காட்டியது. தப்பு என்னுடையதுதான். நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

அப்புறம், சூரியன் மிக அதிகமாக மறையும் உச்சம் முடிந்ததும் எல்லோரும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். சுவாரசியமே அதன் பிறகுதான்! வெளிச்சம் திரும்பத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்தே வெப்பநிலை பெரும்பாலும் அடிமட்டத்தைத் தொடும். தரையும் காற்றும் குளிர்வதற்கு நேரம் பிடிக்கும் அல்லவா? 5 நிமிடத்துக்கு ஒருமுறை, கிரகணம் விலகிய பின்னும் குறிக்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் அதே நேரத்து அளவும் கையில் இருந்தால் ஒப்பிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்