நிழலுக்கு எத்தனை மில்லிசெகண்ட்?

அன்பு நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய கம்ப்யூட்டர் அனிமேஷன் ஷாட்டும் வந்து சேர்ந்தன. ஜன்னல் வழியே மாலை வெயில், மூலையில் ஒரு மேஜை விளக்கு, பாட்டி எழுந்து நடந்து வந்து கேமராவுக்கு நேரே நிற்கிறாள், கடைசியில் முகம் மட்டும். 20 விநாடி, 480 ஃப்ரேம். "நிழலைக் கூட்டினால் வேகம் போகிறது, வேகத்தைப் பிடித்தால் நிழல் பல்லிளிக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எந்த வேகம் என்று சொல்லவில்லையே!

நம் தொழிலில் வேகம் இரண்டு. அனிமேட்டர் பொம்மையை அசைத்து ஓடவிட்டுப் பார்க்கும்போது வேண்டியது ஒன்று. அது 24 ஃப்ரேமில் ஓடாவிட்டால் நடையின் தாளத்தை எடைபோட முடியாது. ஃப்ரேமுக்கு 41.67 மில்லிசெகண்ட், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. இன்னொன்று கடைசி ரெண்டரின், அதாவது முடிந்த படத்தைக் கணினி ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்து எழுதுவதன், வேகம். அங்கே ஃப்ரேமுக்கு ஒரு விநாடி பிடித்தாலும் உன் ஷாட் 8 நிமிடத்தில் முடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. கேம் செய்கிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆடுகிறவன் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவான் என்றும் அவர்களுக்குத் தெரியாது. நமக்குக் கேமரா எங்கே போகும், எந்த ஃப்ரேமில் நிற்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். படத்தை வரையும் மென்பொருளான என்ஜினில் முதலிலேயே இருக்கும் அமைப்புகள் எல்லாம் அவர்களை மனதில் வைத்துச் செய்தவை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்லைடரை ஏற்றி இறக்குவதில்தான் உன் நேரம் கரைகிறது.

வெயிலிலிருந்து தொடங்குகிறேன். உன் ஃபைலில் அது 2048 ஷேடோ மேப், அதாவது விளக்கின் பார்வையில் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பதிந்த 2048க்கு 2048 கட்டப் படம். அது 40 மீட்டர் அகலத்தை மூடுகிறது. அதன் ஒரு கட்டம், அதாவது ஒரு டெக்செல், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். முகம் வரும் இடத்தில் 1920 பிக்சலுக்குள் அரை மீட்டர் அகலம்தான் தெரிகிறது, அதாவது ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர் சொச்சம். ஒரு டெக்செல் 75 பிக்சலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது மூக்கின் நிழல் படிக்கட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? நீ மேப்பை 4096 ஆக்கினாய். ஒரு படி 75 பிக்சலிலிருந்து 37 ஆனது. நினைவகமோ, 32 பிட் கணக்கில், 16 எம்பியிலிருந்து 64 எம்பிக்குப் போய்விட்டது. படிக்கட்டு அப்படியே இருக்கிறது.

ரெசல்யூஷனைத் தொடாதே, மூடும் அகலத்தைக் குறை. அறை 8 மீட்டர்தான், வெளியே இருக்கும் 32 மீட்டருக்கு எதற்கு நிழல்? அறைக்கு ஒரு வெயில், 8 மீட்டர் அகலம், டெக்செல் 4 மில்லிமீட்டர். பாட்டிக்கு மட்டும் இன்னொரு வெயில், அதே கோணம், அதே நிறம், 2 மீட்டர் அகலம், டெக்செல் 1 மில்லிமீட்டர். எந்த விளக்கு எதன் மேல் படலாம் என்று தேர்ந்தெடுக்கும் லைட் லிங்கிங்கில் முதலாவது அறையில் மட்டும் படட்டும், இரண்டாவது அவள் மேல் மட்டும். நிழல் விழவைக்கும் பொருள்களை மட்டும் இரண்டிலும் முழுதாக வை. அவள் நிழல் தரையில் விழ வேண்டும், ஜன்னல் கம்பியின் நிழல் அவள் மேல் விழ வேண்டும். இன்னொன்று, அகலத்தைத்தான் சுருக்கலாம், ஆழத்தைச் சுருக்கக் கூடாது. ஜன்னல் சட்டம் வெயில் வரும் திசையில் தள்ளி நிற்கிறது. அதை வெட்டிவிட்டால் சுவரே இல்லாத வீடு மாதிரி வெயில் உள்ளே கொட்டும்.

பாட்டியின் செருப்பு தரையை விட்டு மிதக்கிறது என்றாயே, அதுவும் இதே வியாதிதான். வெயில் 60 டிகிரி சாய்வாகப் படும் பரப்பில் 2 சென்டிமீட்டர் டெக்செலுக்குள் ஆழம் நடுவிலிருந்து விளிம்புக்கு 1.7 சென்டிமீட்டர் மாறும். பரப்பு தன் மேலேயே நிழல் போட்டுக் கோடு கோடாக வராமலிருக்க அந்த அளவுக்காவது பயாஸ், அதாவது ஆழத்தை ஒப்பிடும்போது விடும் சலுகை இடைவெளி, கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அந்த 1.7 சென்டிமீட்டருக்குள் இருக்கும் நிழல் எல்லாம் போய்விடும்: செருப்பின் அடி, மூக்குத் துவாரம், கண்ணிமையின் கீழ் விளிம்பு. டெக்செல் 1 மில்லிமீட்டரானால் பயாஸும் 1 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிடும். பயாஸைத் தனியாகத் திருகிக்கொண்டிருப்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உதறுவது போல.

நிழல் விளிம்பு எறும்பு ஊர்கிற மாதிரி நடுங்குவதற்குக் காரணம் வேறு. மேப் கேமராவோடு நகர்கிறது. டெக்செல் கட்டங்கள் ஒவ்வொரு ஃப்ரேமும் தரையில் வேறு இடத்தில் உட்காருகின்றன. அறை வெயிலின் மேப்பை இடத்தில் பூட்டிவிடு, கேமராவைத் தொடர வேண்டாம். பாட்டியோடு போகும் சிறிய மேப் முழு டெக்செல் கணக்கில் மட்டும் தாவட்டும், அரை டெக்செல் நகர்வு கூடாது. அளவையும் மாற்றாதே. நடுவில் 2 மீட்டரை 1.5 ஆக்கினால் அந்த ஃப்ரேமில் நிழல் துள்ளும்.

மேஜை விளக்கைப் பாயிண்ட் லைட்டாக, எல்லாத் திசையிலும் ஒளி வீசுவதாக, வைத்திருக்கிறாய். ஒரு பாயிண்ட் லைட்டுக்கு ஆறு முகம், முகத்துக்கு ஒரு மேப், 4096ல் ஆறும் சேர்ந்து 384 எம்பி. உன் விளக்குக்கு ஒளி புகாத கூடு இருக்கிறது. வெளிச்சம் மேலேயும் கீழேயும்தான் போகிறது. ஒரே திசையில் கூம்பாக வீசும் ஸ்பாட் லைட் இரண்டு போதும், மேலே போவதற்கு 512 மேப் தாராளம். குமிழின் மெஷ்ஷுக்கு (அதன் வடிவ வலைக்கு) நிழலை அணைத்துவிடு, இல்லையென்றால் தன் ஒளியைத் தானே மறைத்துக்கொள்ளும்.

இத்தனையும் செய்து இன்னும் மெதுவாக ஓடினால், எது தின்கிறது என்று அளந்து பார். எல்லா ஷேடோ மேப்பையும் பாதியாக்கு. நேரம் நன்றாகக் குறைந்தால் பாரம் டெக்செலில் இருக்கிறது. அசையவே இல்லையென்றால் ஜியோமெட்ரியில், வரைய வேண்டிய வடிவங்களில், இருக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்துப் புண்ணியமில்லை. நிழல் போடும் ஒவ்வொரு விளக்கும் அறை முழுவதையும் தன் பார்வையிலிருந்து இன்னொரு முறை வரைகிறது. பாட்டியின் தலைமுடிதான் குற்றவாளி என்று என் சந்தேகம். முடிக்கு நிழலை அணைத்துவிட்டு, கேமராவுக்குத் தெரியாமல் நிழல் மட்டும் போடும் ஒரு எளிய தொப்பி மெஷ்ஷைத் தலைக்குள் வை, முடியின் வெளி விளிம்பைவிட அரை சென்டிமீட்டர் உள்ளே. நெற்றியில் விழும் நாலைந்து கற்றைகள் மட்டும் நிஜ நிழல் போடட்டும். கண் அங்கேதான் போகும்.

மென்மையைப் பற்றி உன்னோடு சண்டை போட வேண்டும். வெயில் நிழலை இவ்வளவு குழைத்திருக்கிறாயே! சூரியன் வானத்தில் அரை டிகிரிதான். ஒன்றரை மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு, ஒளி நேராகப் படும் பரப்பில், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குழையாது. விளக்கின் கதை வேறு. 30 சென்டிமீட்டர் அகல வெளிச்சம், 4 மீட்டர் தள்ளி நிழல் விழும் பரப்பு. நிழல் விழும் இடத்திலிருந்து 5 சென்டிமீட்டரில் இருக்கும் குதிகாலுக்கு விளிம்பு 4 மில்லிமீட்டர். ஒன்றரை மீட்டரில் இருக்கும் தலைக்கு 18 சென்டிமீட்டர். மறைக்கும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தூரத்தை விளக்கின் அளவால் பெருக்கி, விளக்குக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது இது. நீ இரண்டுக்கும் ஒரே மங்கலைக் கொடுத்திருக்கிறாய். தலை நிழல் கத்தரித்து ஒட்டியது போலவும் பாதம் பஞ்சில் நிற்பது போலவும் தெரிவது அதனால்தான்.

இதைச் சரியாகச் செய்ய வடிகட்டிகள் பல உண்டு. கடைசி ரெண்டருக்கு எனக்குப் பிடித்தது பழைய வழி, 1990லேயே எழுதிவைத்தது: ஒரு ஃப்ரேமைப் பல துணை ஃப்ரேம்களாக வரைந்து சராசரி எடுப்பது. ஒவ்வொன்றிலும் விளக்கை அதன் பரப்புக்குள் கொஞ்சம் நகர்த்து, நேரத்தையும் ஷட்டர் திறந்திருக்கும் இடைவெளிக்குள் நகர்த்து. மென்மையான நிழலும் மோஷன் பிளரும் (அசைவால் வரும் மங்கல்) ஒரே செலவில் வரும். 16 துணை ஃப்ரேம், ஒவ்வொன்றும் 40 மில்லிசெகண்ட் என்றால் ஃப்ரேமுக்கு 0.64 விநாடி, 480க்கும் ஐந்து நிமிடம் சொச்சம். ஒளிக்கதிர்களைத் தொடர்ந்து போய்க் கணக்கிடும் பாத் டிரேசிங்கில் ஃப்ரேமுக்கு 5 நிமிடம் என்றால் இதே ஷாட் 40 மணி நேரம். அங்கே புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பாதியாக்க சாம்பிளை, அதாவது கதிர்களின் எண்ணிக்கையை, நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள். 16 போதாமல் 18 சென்டிமீட்டர் விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் 32க்குப் போ.

துணை ஃப்ரேமுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பாட்டி கையை வீசும் இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார். கை மங்குகிறது, தரையில் கையின் நிழல் மட்டும் கூர்மையாக வெட்டி வெட்டிப் போகிறது. ஒரு ஃப்ரேமில் செய்யும் மோஷன் பிளர் பரப்பின் அசைவைத்தான் பார்க்கிறது. தரை அசையவில்லை, அதனால் அதன் மேல் ஓடும் நிழலும் அசையவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. விளிம்பின் படிக்கட்டை மழுப்ப முந்தைய ஃப்ரேம்களைக் கலக்கும் ஆன்டி-அலியாசிங்கும் இதே இடத்தில் ஏமாந்து நிழலுக்கு வால் முளைக்க வைக்கும். துணை ஃப்ரேமில் இரண்டும் இல்லை.

ஷாட்டின் முதல் சில ஃப்ரேம்கள் அழுக்காக வருவதாகச் சொன்னாய். முந்தைய ஃப்ரேம்களைச் சேர்த்துத் தேறும் முறை எதுவானாலும் கட் ஆனதும் கையில் சரித்திரம் இல்லாமல் நிற்கும். முதல் ஃப்ரேமுக்கு முன்னால் முப்பது ஃப்ரேம் சும்மா ஓடவிட்டுப் பிறகு எழுத ஆரம்பி. அன்ரியல் என்ஜினின் மூவி ரெண்டர் க்யூவில் இதற்கு வார்ம்-அப் எண்ணிக்கை இருக்கிறது. விளக்கை 200ஆவது ஃப்ரேமில் பாட்டி போடுகிறாளே, அங்கே வார்ம்-அப் உதவாது. நேர் வெளிச்சம் உடனே வரும், சுவரில் பட்டுத் திரும்புவது சில ஃப்ரேம் தாமதமாக ஊறி வரும். நிழலில்லாத மங்கலான ஒரு லைட்டைச் சுவரருகே வைத்து அதே ஃப்ரேமில் கீ போட்டு (அதன் மதிப்பைக் குறித்து), அடுத்த பத்து ஃப்ரேமில் இறக்கிவிடு.

அன்ரியலில் எதிரொளியைக் கணக்கிடும் லூமெனை மென்பொருள் முறையில் ஓட்டினால் ஒரு பொறி இருக்கிறது. பொருள்களை அது எளிமையாக்கி வைத்திருக்கும் டிஸ்டன்ஸ் ஃபீல்டில் எலும்புக்கூடு போட்ட கதாபாத்திரங்கள் இல்லை. பாட்டியின் சிவப்புச் சால்வை சுவரில் தரும் சிவப்புச் சாயல் திரையில் தெரிவதை வைத்து மட்டுமே வருகிறது. சால்வை ஃப்ரேமை விட்டு வெளியேறியதும் சுவர் சட்டென்று வெளுக்கும். வன்பொருள் ரே டிரேசிங் இந்தக் கதாபாத்திரங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது முடியாத இயந்திரமானால், ஃப்ரேமைக் கொஞ்சம் பெரிதாக ரெண்டர் செய்து ஓரத்தை வெட்டிக்கொள்.

இருண்ட பக்கத்தை நிரப்பும் ஃபில் லைட்டுக்கு நிழலை அணைத்தது சரி. ஆனால் பாட்டி பேசும்போது வாய்க்குள் டார்ச் எரிகிறது, பார்த்தாயா? நிழலில்லாத லைட் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு பல்லில் படுகிறது. பல், நாக்கு, உள்வாய் மூன்றையும் ஃபில் லைட்டிலிருந்து விலக்கி, உதட்டிலிருந்து உள்ளே போகப் போக இருளும் ஒரு மாஸ்க்கை மெட்டீரியலில் பெருக்கு. ஃப்ரேமுக்குச் சொல்லும்படியான செலவு எதுவும் இல்லை.

சேதி என்று சொல்ல வேண்டுமானால், மேலே போட்ட டெக்செல் கணக்கின் பெரும்பகுதியை இப்போது என்ஜின்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன. 2022ல் வந்த அன்ரியல் 5ன் விர்ச்சுவல் ஷேடோ மேப் 16,384 பிக்சல் அகலம். 128க்கு 128 பக்கங்களாக வெட்டி, கேமராவுக்குத் தேவையான பக்கங்களை மட்டும் வரைகிறது. பிளெண்டர் 4.2ல், 2024ல், அதன் நிகழ்நேர ரெண்டரரான ஈவீயைத் திருப்பி எழுதியபோதும் அதே வழிக்குத்தான் போனார்கள். ஆனால் இதன் வேகம், வரைந்த பக்கங்களைச் சேமித்து வைப்பதில் இருக்கிறது. பொருள் அசைந்தால் அது தொட்ட பக்கங்கள் செல்லாது. விளக்கே அசைந்தால் எல்லாப் பக்கமும் செல்லாது. உன் வெயில் 20 விநாடியில் 3 டிகிரி சாய்கிறது, கண்ணுக்கே தெரியவில்லை. அந்தக் கீயை எடுத்துவிடு. காற்றில் ஆடும் திரைச்சீலை பின்னணியில் மங்கலாக இருப்பதால் அதன் நிழலையும் அணைக்கலாம்.

வியூபோர்ட்டுக்கு, வேலை செய்யும்போது பார்க்கும் திரைக்கு, வருகிறேன். அனிமேட்டர் வேலை செய்யும் ஃபைலில் ஒரே ஒரு வெயில், 1024 மேப், எதிரொளி இல்லை, முடி இல்லை. ஆனால் பாதத்தடி நிழலை மட்டும் அணைக்காதே. கால் ஊன்றியதா வழுக்குகிறதா என்று அவர் அதை வைத்துத்தான் பார்க்கிறார். இவ்வளவு குறைத்தும் 24 வரவில்லையென்றால் எல்லா லைட்டையும் அணைத்து ஒருமுறை ஓட்டு. அப்போதும் 50 மில்லிசெகண்ட் காட்டினால் கோளாறு ரிக்கில், பொம்மையை அசைக்கும் எலும்புக்கூட்டு அமைப்பில். நிழலைப் பிடித்து அடிப்பதில் பயனில்லை, ரிக் செய்தவரிடம் போ.

மேப்பைப் பாதியாக்கிய சோதனையில் முன்னும் பின்னும் வந்த மில்லிசெகண்டை எழுது, முடியோடு ஒரு தடவை, முடியில்லாமல் ஒரு தடவை. தொப்பி மெஷ்ஷுக்கு எத்தனை பலகோண முகம் வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்