ஆவணப் பக்கங்களில் இருந்த ஓட்டை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மென்பொருளை விளக்க நாங்கள் செய்து தரும் ஆவணப் பக்கங்களில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, எங்களை நம்பினால் கடவுச்சொல் போய்விடும் என்று ஒரு செய்தி போன வாரத்திலிருந்து சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். ஓட்டை இருந்தது உண்மை. கடவுச்சொல் கதை அப்படியல்ல.

பக்க முகவரியில் # குறிக்குப் பின்னால் வரும் எழுத்தை எடுத்து, ஆவணங்களை உருவாக்கும் கருவி சேர்த்த தேடல் ஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் சிறு நிரல்) அப்படியே பக்கத்தில் எழுதிக் காட்டியது. அங்கே சொல்லுக்குப் பதில் ஸ்கிரிப்டையே வைத்து லிங்க் அனுப்பினால், சொடுக்கியவரின் உலாவி அதை நம் பக்கத்தின் கட்டளையென்று எண்ணி ஓட்டிவிடும். நீங்கள் லாகின் செய்யும் அதே முகவரியில் ஆவணமும் இருந்தால் குக்கி கைமாறலாம். குக்கியில் கடவுச்சொல் இல்லை, நீங்கள் உள்ளே இருப்பதற்கான அடையாளச் சீட்டுதான் இருக்கிறது. (திருட வருபவனுக்கு அது போதாதா என்று கேட்பீர்கள். சரிதான்.)

இது எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ரூபி என்ற நிரல் மொழிக்கு ஆவணம் உருவாக்கும் ஆர்டாக் கருவியில் 2013 பிப்ரவரியில் இதே மாதிரி ஓட்டை வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் ஜாவா மொழியின் ஆவணக் கருவியான ஜாவாடாக் உருவாக்கும் பக்கங்களுக்குள் வேறொருவர் பக்கத்தைச் செருக முடியும் என்று ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் அறிவித்து, பழைய பக்கங்களைச் சரிசெய்யத் தனிக் கருவியே கொடுத்தது. காரணம், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஆவணத்தோடும் நகலாகிப் போய்விடுகிறது. கருவியைப் புதுப்பித்தாலும் ஏற்கெனவே வெளியே போன நகல் பழையதாகவே இருக்கும்.

ஆனால் எங்களைச் சுட்டது ஓட்டை அல்ல. "இலவசக் கருவியை ஓட்டிவிட்டுக் காசு வாங்குகிறார்கள்" என்று அந்தச் செய்தியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறதே, அதுதான். இலவசக் கருவிதான், முதல் நாளே உங்களிடம் சொன்னோம். கருவி என்ன செய்யும்? நிரலில் உள்ள குறிப்புகளைப் பொறுக்கிப் பக்கமாக அடுக்கும். குறிப்பே இல்லாத இடத்தில் அது வெற்றுக் கட்டம்தான் போடும். "இதைத் தொடாதே" என்று மட்டும் எழுதிவைத்த நிரலாளரைத் துரத்திப் பிடித்து, ஏன் தொடக்கூடாது என்று கேட்டு எழுதியது எங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள். ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் ஓட்டிப் பார்த்த பிறகே உங்களிடம் தருகிறார்கள். இரண்டு பதிப்புக்கு முன் நீக்கிய கட்டளை ஆவணத்தில் மட்டும் உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும். அந்தக் கருவி எதைச் சேர்க்கிறது என்று நாங்களும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

எங்கள் சர்வரில் உள்ள பக்கங்களை எல்லாம் புதிதாக உருவாக்கிவிட்டோம். நீங்கள் ஒருமுறை மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். இந்த ஓட்டையைப் பற்றி எங்களுக்கு வந்த எச்சரிக்கை மடல், நாங்கள் பில் அனுப்பும் மின்னஞ்சலில் 17 நாள் பிரிக்காமல் கிடந்தது. எங்கள் சர்வர் பதிவேட்டில் தவறாக எதுவும் தெரியவில்லை. ஆனால் # குறிக்குப் பின்னால் வருவது சர்வருக்கே வராது, அதனால் பதிவேட்டை மட்டும் வைத்து எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

செய்தியைப் பார்த்ததும் ஒப்பந்தத்தை நிறுத்தாமல், "என்ன ஆச்சு?" என்று போனில் கேட்டவர்களுக்கு நன்றி. அந்த ஒரு கேள்வி எங்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று எழுதத் தெரியவில்லை.

ஆவணத்தின் நகலைத் தங்கள் சர்வரில் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். உங்கள் பழைய கோப்புறையை அப்படியே மாற்றிவைக்கும்படி புதியதை அனுப்புகிறோம். இதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உரிமையாளர்