பிளேட்லெட் 212: பயப்பட ஒன்றுமில்லை

அன்பு மகளுக்கு,

உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 212 என்று பார்த்துவிட்டு நீ பதறியதில் தப்பே இல்லை. டெங்கு சீசன் வந்தால் "ஐம்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டதாம்" என்று ஊரே பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நீ. வெறும் 212 என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் × 10⁹ என்றும், லிட்டர் என்றும் போட்டிருப்பார்கள் பார். பாதி எண் அங்கேதான் இருக்கிறது. போனில் நான் சொன்னது உனக்குப் பிடிபடவில்லை என்று அம்மா சொன்னாள், அதனால்தான் எழுதுகிறேன்.

10⁹ என்றால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது சைபர், நூறு கோடி. நீ இருக்கிற இங்கிலாந்தில் ஒரு லிட்டர் ரத்தத்துக்குக் கணக்குச் சொல்கிறார்கள். இங்கே நாங்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு, அதாவது ஒரு கன மில்லிமீட்டருக்குச் சொல்வோம். ஒரு லிட்டரில் 10⁶ மைக்ரோலிட்டர். வகுக்கும்போது அடுக்கை, அதாவது பத்தின் தலைமேல் நிற்கிற பொடி எண்ணை, கழித்தால் போதும்: 9-ல் 6 போக 3. ஆக 212 × 10³. இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்போம். சரிதானே?

நீ பள்ளியில் படித்த அறிவியல் குறியீட்டின்படி 212 × 10⁹ என்று எழுதினால் மார்க் போய்விடும். முன்னால் நிற்கிற எண் 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐத் தொடவும் கூடாது. புள்ளியை இடப்பக்கம் இரண்டு இடம் தள்ளினால், அந்த இரண்டு அடுக்கில் போய்ச் சேரும்: 2.12 × 10¹¹. பிறகு ஏன் லேபில் அப்படிப் போடுவதில்லை? ஒரு நோயாளிக்கு நேற்று 9.5 × 10¹⁰, இன்று 2.12 × 10¹¹ என்று வைத்துக்கொள். ராத்திரி டியூட்டி அவசரத்தில் பார்ப்பவருக்கு 9.5-தான் பெரிதாகத் தெரியும். 95, 212 என்று ஒரே அடுக்கில் எழுதிவிட்டால் அந்த ஆபத்து இல்லை. என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் லேப்காரர்கள் விதியை மீறுவது நியாயம்தான்.

விதிப்படி எழுதுவதில் வேறொரு லாபம் இருக்கிறது. மெஷின் வராத காலத்தில் லேபில் சிவப்பணுவை நாங்கள் கண்ணால்தான் எண்ணினோம். ரத்தத்தை 200 மடங்கு நீர்க்க வைத்து, நியூபார் சேம்பர் என்ற கோடு போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நடுச்சதுரத்தில் 25 கட்டங்கள். நான்கு மூலையும் நடுவில் ஒன்றும் ஆக ஐந்து கட்டங்களில் உள்ள அணுக்களை எண்ணுவோம். மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் ஒட்டி நிற்பவை சேர்த்தி, மற்ற இரண்டு கோடுகளில் நிற்பவை தள்ளுபடி. கட்டம் கட்டமாக எண்ணி முடிக்கும்போது கழுத்து இறுகிப்போகும். 480 வந்தால் அதை 10,000-ஆல் பெருக்கு என்பது கணக்கு. ஒரு மைக்ரோலிட்டருக்கு 48,00,000. நாற்பத்தெட்டு லட்சத்தையும் எண்ணியவன் மாதிரி ஆகிவிட்டது! நான் எண்ணியது 480. கடைசி நாலு சைபரும் பெருக்கலில் வந்தவை. 4.80 × 10⁶ என்று எழுதினால் எண்ணியது முன்னால், பெருக்கியது பின்னால் என்று தனித்தனியாக நிற்கும். அந்த 4.80-ல் கடைசி சைபர்கூடச் சந்தேகம்தான். வேறு ஐந்து கட்டங்களை எண்ணினால் 465 வரும், 500 வரும். அதனால் நான் 4.8 × 10⁶ என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கழித்தல் குறி போட்ட அடுக்கும் உன் ரிப்போர்ட்டிலேயே ஒளிந்திருக்கிறது. எம்.சி.வி 88 என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு, அலகு ஃபெம்டோலிட்டர். ஃபெம்டோ என்றால் 10⁻¹⁵. விதிப்படி எழுதினால் 8.8 × 10⁻¹⁴ லிட்டர். கழித்தல் குறி இருப்பதால் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடவில்லை, புள்ளிக்கு வலப்பக்கம் ரொம்ப தூரம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு வேடிக்கை பார். உன் சிவப்பணு லிட்டருக்கு 4.2 × 10¹². ஒவ்வொன்றும் 8.8 × 10⁻¹⁴ லிட்டர். முன்னெண்களைப் பெருக்கு: 36.96. அடுக்குகளைக் கூட்டு: 12-உம் −14-உம் சேர்ந்தால் −2. 36.96 × 10⁻², அதாவது ஏறக்குறைய 0.37. ரிப்போர்ட்டில் ஹெமட்டோக்ரிட் என்ற வரியைப் பார், 0.37 என்றே இருக்கும். உன் ரத்தத்தில் நூற்றுக்கு 37 பங்கு சிவப்பணு என்று அர்த்தம். லட்சத்திலும் கோடியிலும் சைபர் எண்ணிக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார், எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

அப்புறம் ஹீமோகுளோபின் 118. அதற்கு அடுக்கெல்லாம் கிடையாது. அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறார்கள், இங்கே டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. பத்தால் வகுத்தால் 11.8. இதுதான் கொஞ்சம் குறைவு, பிளேட்லெட் இல்லை. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இரும்புச்சத்து மாத்திரை வேண்டுமா என்று கேள். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, நீ மறந்துவிடுவாய்.

அன்புடன்,
அப்பா