காசு வாங்கும் பலகைக்கு மட்டும் தமிழ் தெரிகிறது

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளைப் பராமரித்து, நுழைவுச்சீட்டும் விற்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் பதிவுத் தபாலில் நான் அனுப்பிய கடிதம் உங்கள் மேசையில் இருக்கும். எந்த நீர்வீழ்ச்சி, எந்தப் பலகை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படமும் இணைத்திருந்தேன். இடத்தின் பெயரை இங்கே பகிரங்கமாகப் போடவில்லை. பலகையை நட்டவர்களுக்கு அது தெரியும். பதில் வராதபடியால்தான் இப்போது நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். கேட்பது அதே ஒன்றைத்தான். எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழிலும் எழுதுங்கள்.

மட்டக்களப்பில் இருக்கிற எங்களுக்கு மலைநாட்டுப் பயணம் என்பது ஒரு வட்டம். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு, செங்கலடிச் சந்தியில் கிறுகினால் ஏ5 வீதி. மகாஓயாவில் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்து, பிபிலையில் தேத்தண்ணி குடித்து, லுணுகலை, பசறை என்று வளைந்து வளைந்து ஏறப் பிள்ளைகளுக்குக் காது அடைக்கும். பிபிலையைச் சுற்றின அந்தப் பிரதேசத்துக்கு வெல்லஸ்ஸ என்று பெயர், அந்தப் பெயருக்கே இலட்சம் வயல் என்றுதான் அர்த்தம். 1817, 1818 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரன் அந்த நிலத்தை எப்படிச் சுட்டுப் பொசுக்கினான் என்று நான் சொல்லிக்கொண்டு போவேன். பின்சீட்டில் பாதிப்பேர் நித்திரை.

பதுளையில் புனித மார்க் தேவாலயத்தைப் பார்க்காமல் அம்மா வரமாட்டா. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்துப்போன மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவருக்குப் பெயர். "யானை விட்டாலும் இடி விடல்ல" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா. பதுளைக்கு ரயில் வந்ததும் எங்கள் பழைய கல்லடிப் பாலம் திறந்ததும் ஒரே வருடம், 1924. இதையும் நான் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அதற்குப் பிறகு துன்ஹிந்த, தெமோதரை, எல்ல. இறங்கி வந்து வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில், கல்முனை வழியாக வீடு. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தியலுமவின் காலடியால் போகிற அதே ஏ4 வீதிதான் கல்லடிப் பாலத்தையும் கடந்து எங்கள் ஊருக்குள் வருகிறது. அப்படிப் பார்த்தால் நாங்கள் ஒன்றும் தூரத்து ஆட்கள் இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

ஓகஸ்ட் விடுமுறையில் போனபோது நடந்தது இது. வாசலில் கட்டணப் பலகை இருந்தது. பெரியவர்களுக்கு எவ்வளவு, சிறியவர்களுக்கு எவ்வளவு, வாகனம் நிறுத்த எவ்வளவு என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. சந்தோசமாகக் காசைக் கொடுத்தோம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொரு படியாக இறங்க, பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். படி முடிகிற இடத்தில் இன்னொரு பலகை, சிவப்பு எழுத்தில். அதில் சிங்களம் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலம் இருந்தது. அவ்வளவுதான்.

அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பான், அர்த்தம் பிடிபடாது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் சாரதி. அவர் மேலே தேத்தண்ணிக் கடையில். மருமகன் பலகையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், இறங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாவிக்கரையில் பிறந்த பிள்ளை, நடக்கப் பழகின கையோடு நீந்தப் பழகினவன். ஓகஸ்டில் ஊவாப் பக்கம் மழை குறைவு. தண்ணீர் மெலிந்து, முழங்கால் அளவுதான் என்று தோன்றும்.

ஆனால் வாவித் தண்ணீர் வேறு, இது வேறு. வாவியின் உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிவிடும். நீர்வீழ்ச்சிக்குக் கீழே காற்றும் தண்ணீரும் கலந்து வெள்ளையாக நுரைக்கிற இடத்தில் எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் உடம்பு மிதக்காது, அமிழும். அதோடு அந்தக் குளிரில் மூச்சு முட்டும். பாறையை ஆண்டுக்கணக்காகக் குடைந்த குழி, கால் வைக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் அன்று எனக்கும் தெரியாது. பிறகு தேடிப் படித்தது.

"தம்பி, அங்கிட்டு போகாதீங்க! குழி இருக்கு, குழி!" என்று ஒரு சத்தம் கேட்டது. அவித்த சோளம் விற்கிற தோட்டத்துப் பெடியன் ஒருவன் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தான். மருமகன் அப்போது கழுத்தளவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த எட்டில் தலை தெரியவில்லை. பெடியன் பாறையில் குப்புறப் படுத்து, அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத்தான் எடுத்தான். நான் படியில் நிற்கிறேன், அம்மாவின் கை என் கையில். ஓடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் விரல்களை அவ நெரித்த அடையாளம் ராத்திரி வரைக்கும் இருந்தது.

கொட்டிப்போன சோளத்துக்குக் காசு கொடுத்தோம், பெடியன் வாங்கவில்லை. பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நம்ம பாசையில இல்லீங்க சேர், அதனால நாந்தான் கத்திக்கிட்டு இருக்கேன்" என்றான். உங்கள் எச்சரிக்கைப் பலகையின் தமிழ்ப் பிரிவு அவன்தான் ஐயா. சம்பளம் இல்லை, சீருடை இல்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் தமிழுக்கும் அன்று விடுமுறை.

தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். அது பெரிய இடத்து விசயம், அதைப் பிடித்துக்கொண்டு நான் உங்களோடு வழக்காட வரவில்லை. தமிழில் எழுதினாலும் என்ன நடக்கும் என்பதும் தெரியும். பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய ஆசனம் 'கர்ப்பிணி நாய்மாருக்கு' ஆன கதையை நாடே சிரித்து முடித்துவிட்டது. எங்கள் வீட்டில் பெண்கள் சிரிக்கவில்லை. அதை வைத்துப் பார்த்தால் கட்டணப் பலகையில் பிழையே இல்லாதது எவ்வளவு பெரிய சாதனை! அந்த விலையை எழுதின அதே கையைத்தான் கேட்கிறேன். பத்துப் படி கீழே இறங்கி வந்து அபாயத்தையும் எழுதட்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் வருடத்தில் ஒருமுறை வந்து போகிறவர்கள். அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள், தலைமுறை தலைமுறையாக லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து மூடியதும் அவர்களுடைய லயங்களைத்தான். அந்த மலையடிவாரங்களில் ஒரு எச்சரிக்கை தமிழில் இல்லை என்றால் அது யாருக்காக நிற்கிறது? கோபத்தில் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழிலும் எழுதுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன் எழுதினால் பெரிய உதவி. வடகீழ்ப் பருவமழையில் அந்த ஆறுகள் பெருகுகிற காலமும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு வருகிற காலமும் ஒன்றுதான். பணம் இல்லை என்றால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் பலகை எழுதுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், தூரிகையோடு வரத் தயார். வர்ணம் எங்கள் செலவு. வாசலில் அவருக்கும் நுழைவுச்சீட்டு வெட்டாமல் உள்ளே விட்டால் போதும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற பதில் வரக்கூடும் என்பதால் அதையும் செய்து வைத்திருக்கிறேன். சாரதி வாசித்துச் சொன்னதை அப்படியே கீழே தருகிறேன். எழுத்துப் பிழை பார்த்தாகிவிட்டது.

அபாயம். பாறைகள் வழுக்கும். நீருக்கடியில் ஆழமான குழிகள் உள்ளன. மேலே மழை பெய்தால் நீர் திடீரெனப் பெருகும். இங்கே குளிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து,
மூன்று பெரியவர் சீட்டும் நான்கு சிறியவர் சீட்டும் வாங்கிய ஒருவர்